எட்டாவது டம்ளர்

எனக்குக் கல்லடைப்பு வந்த கதை நொய்யல் கரையில் எங்கள் ராயபுரத்தில் பிரசித்தம். டீக்கடையில் நாலு பேர் கூடிவிட்டால், "மாஸ்டர், அந்தக் குதிரை வண்டிக் கதையச் சொல்லுங்க" என்பார்கள். நானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, குதிரை உட்பட எல்லார் வேஷத்தையும் கட்டிக் காட்டுவேன். பெஞ்சைத் தட்டிச் சிரிப்பார்கள். அந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அதை நான் டீக்கடையில் சொன்னதில்லை. சிரிப்பு வராத கதையைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் பனியன் கம்பெனிகளில் காலையில் உட்கார்ந்து பொழுதோடு எழுந்திருக்கும் பெண்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு ஆண்களில் யாராவது ஒருவன் படிக்கட்டும் என்று இரண்டு பாதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பெரிய மேசையில் வெள்ளைத் துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டுகிற வேலை. என் மனைவி ராமாத்தாள் அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த பனியனில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்த்து ஒதுக்க வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே பதினெட்டு வருஷம். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து நான் கண்டதில்லை. அவ்வளவு வேலை.

கட்டிங் மேசைப் பக்கம் தண்ணீர்ப் பானை வைக்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனிச் சட்டம். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விழுந்தாலும் காய்ந்ததும் வளையமாகக் கறை நிற்கும். அதனால் நான் தண்ணீர் குடிப்பதில்லை. டீ குடிப்பேன். வெளியே போய், வாய்ப்பேச்சோடு, ஒரு நாளைக்கு எட்டு.

சித்திரை வெயிலில் ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். கத்தரியைக் கையில் எடுத்தேன். இடது பக்க முதுகில் யாரோ அதே மாதிரி ஒரு கத்தரியை இறக்கியது போல இருந்தது. அங்கிருந்து அடிவயிற்றுக்கு இழுத்தது. அப்படியே மேசை மேல் சாய்ந்தேன். பக்கத்திலிருந்தவன், "மாஸ்டர், வெள்ளத் துணி மேல விழுகாதீங்க!" என்று கத்தினான். சாகப் போகிறவனுக்கு இந்த ஊர் கொடுக்கிற மரியாதை அது.

செக்கிங்கிலிருந்து ராமாத்தாள் ஓடி வந்தாள். குதிரை வண்டி பிடித்து என்னை ஏற்றினார்கள். வண்டியில் அவள் மடியில் தலை வைத்து என் கடைசி வார்த்தைகளைச் சொன்னேன். "சந்திராவ நல்ல எடமா பாத்துக் கட்டிக் குடு. என்ற கத்தரிய எவங்கிட்டயும் குடுத்தறாத. என்னைய நெனச்சு அழுகாத, எப்பவாச்சும் அழு." சந்திரா எங்கள் ஒரே மகள், அப்போது பள்ளிக்கூடம் முடித்திருந்தாள்.

நொய்யல் பாலத்தில் ஒருமுறை சொன்னேன். கடைவீதியில் ஒருமுறை சொன்னேன். ஆஸ்பத்திரித் தெருவில் மூன்றாவது முறை ஆரம்பித்ததும், "இதத்தானுங்க பாலத்துகிட்டயும் சொன்னீங்க. புதுசா ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து வண்டி நின்றது. குதிரை நடுத்தெருவில் காலை அகட்டி, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாமல் சிறுநீர் கழித்தது. காலையிலிருந்து எனக்குச் சொட்டு இறங்கவில்லை. அந்தக் குதிரையைப் பார்த்து நான் விம்மி விம்மி அழுதேன். டீக்கடையில் கதை இந்த இடத்தோடு முடியும்.

ஆஸ்பத்திரி சின்னது. மொத்தம் பன்னிரண்டு கட்டில். டாக்டர் ஐம்பதைத் தாண்டியவர், சிரிக்காதவர். ஊசி போட்டு வலி அடங்கியதும் எக்ஸ்ரே எடுத்தார்கள். மூத்திரக் குழாயில் கல் மாட்டியிருக்கிறது என்றார் டாக்டர். எவ்வளவு பெரியது என்று கேட்டேன். கேழ்வரகு அளவு என்றார். எனக்கு அவமானமாகிவிட்டது. நான் போட்ட கூச்சலுக்கு ஆட்டுக்கல் அளவாவது இருந்திருக்க வேண்டும்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"எட்டு டீ குடிப்பேனுங்க."

"தண்ணியக் கேட்டேன்."

"டீயில இருக்கறதும் தண்ணிதானுங்க சாமி."

அவர் பேனாவை மூடினார். முதுகுப் பக்கம் இரண்டு விலாவுக்கும் கீழே மொச்சைக்கொட்டை வடிவத்தில், ஒவ்வொன்றும் ஒரு கைமுட்டி அளவில் இரண்டு சிறுநீரகம் இருக்கிறது; உடம்பிலுள்ள ரத்தம் முழுக்க அதற்குள் போய் அலசி வெளியே வருகிறது; அழுக்கும் அதிகப்படி உப்பும் மூத்திரமாகப் போகிறது என்றார். எனக்குச் சட்டென்று விளங்கியது. ரத்தத்துக்குச் சலவைப் பட்டறை. தண்ணீர் இல்லாத பட்டறையில் துணி எப்படி வெளுக்கும்? அடியில் உப்புப் படிந்து கல்லாகிறது.

பத்து டம்ளர் என்று உத்தரவு. ராமாத்தாள் கணக்கு வைத்தாள். ஒரு பழைய பவுடர் டப்பா, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. நான் ஒரு டம்ளர் குடித்தால் டப்பாவில் ஒரு கொட்டை விழும். டொக் என்று சத்தம் கேட்கும். "நாலாச்சு. இன்னும் ஆறு." நான் ஜன்னல் வழியாக ஊற்றிவிடுவேன் என்று தெரிந்து, குடிக்கும்போது தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வார்டில் என் கூச்சலுக்குப் பெயர் ஆகிவிட்டது. எதிர்க் கட்டிலில் குடலிறக்கம் அறுத்துப் படுத்திருந்த வெள்ளகோவில் விவசாயி ஒருவர், "ஏனுங்க, உங்க ஊட்டுக்காரருக்குத் தலப்பிரசவமுங்களா?" என்று ராமாத்தாளைக் கேட்டார். அவள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். அவரும் குலுங்கிச் சிரிக்க, தையல் பிரியும் என்று நர்ஸ் அவரைத் திட்டினாள்.

இரண்டாம் நாள் ரவுண்டு வந்த டாக்டர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, கால்மாட்டில் நின்றவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, முகம் எத்தன நாளா இப்படி இருக்குது?"

"பொறந்ததுலருந்து இப்படித்தானுங்க சாமி" என்று நான் குறுக்கே விழுந்தேன். வார்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவள் காலைக் காட்டச் சொன்னார். "எனக்கொண்ணுமில்லீங்க, அவங்களப் பாருங்க" என்று காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் குனிந்து கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது.

மெட்டி புதைந்திருந்தது எனக்குத் தெரியும். ஒரு வருஷமாகக் காலையில் எழும்போது அவள் முகம் உப்பி, கண் இடுங்கி இருக்கும். "ஏம்புள்ள, தூக்கத்துல யாரு உனக்குப் பலகாரம் ஊட்டறாங்க?" என்று கேட்பேன். அவள் சிரிப்பாள். மத்தியானத்துக்குள் முகம் வடிந்துவிடும், காலுக்கு இறங்கிவிடும். இதை வைத்து நான் ஒரு பத்துக் கேலியாவது பேசியிருப்பேன். இன்றைக்கு அவற்றில் ஒன்றைக்கூட என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

மறுநாள் இரண்டு பேர் மூத்திரத்தையும் சோதித்தார்கள். நடையின் மூலையில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு ஸ்பிரிட் விளக்கு. கண்ணாடிக் குழாயில் மூத்திரத்தை எடுத்து நர்ஸ் விளக்கில் காட்டிச் சூடாக்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நான் வேடிக்கை பார்த்தேன். முதல் குழாய் தெளிவாக இருந்தது. இரண்டாவது குழாய் கொதித்ததும் முட்டை வெள்ளைக்கரு போல வெளுத்துத் திரண்டது.

திரண்டது என்னுடையதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். கல் கரைந்து வருகிறதா, உயிர் கரைந்து வருகிறதா என்று தெரியவில்லை. கட்டிலுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தேன். நாலாவது முறையாகக் கடைசி வார்த்தைகளைத் தயார் செய்தேன். ராமாத்தாள் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்தார்.

"திரண்டு வந்துச்சே, பாத்தனுங்க" என்றேன். "மறைக்காமச் சொல்லீருங்க சாமி. எத்தன நாளுங்க?"

"அது உங்களுது இல்ல."

"அப்பாடா!"

வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். அதற்கப்புறம்தான் மூளைக்கு எட்டியது, இருந்ததே இரண்டு குழாய் என்று.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள்தான் பேசினாள். "பாத்தீங்களா, உங்களுக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் சொன்னேனே." உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னாள். அந்த ஒரு 'அப்பாடா'வுக்காக நான் எத்தனை கோயிலில் நின்றிருக்கிறேன் என்று கணக்கில்லை. எந்தச் சாமியும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

டாக்டர் அவளை உட்கார வைத்து விசாரித்தார். ரத்தக் கொதிப்பு பார்த்தார். அதிகம் இருந்தது. கொதித்ததும் திரண்டது அல்புமின் என்றார். உடம்பில் நிற்க வேண்டிய சத்து, சிறுநீரகச் சல்லடை கிழிந்து மூத்திரத்தில் போகிறது.

"பகல்ல எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். "வேலை நாள்ல குடிக்கறதில்லீங்க. குடிச்சா வெளிய போகோணும். கம்பெனியில பொம்பளைகளுக்கு எடமில்லீங்க. பொழுது உளுந்த பொறவுதான் பின்னால முள்ளுக்காட்டுக்குப் போவோம். சோத்துக்கு மட்டும் ஒரு மொடக்கு."

"எல்லாருமா?"

"எல்லாருந்தானுங்க."

பதினெட்டு வருஷம் அதே கூரைக்குக் கீழே இருந்தவன் நான். ஆண்களுக்குப் பக்கத்துச் சுவர் இருந்தது. பெண்களுக்கு என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. இன்னும் கேவலம், அதில் எனக்குப் பெருமை வேறு. "ராமாத்தா மாதிரி வேலக்காரி உண்டா, காலைல உக்காந்தா பொழுதோடதான் எந்திரிக்கிறா" என்று முதலாளி சொல்வார். நான் மீசையைத் தடவிக்கொள்வேன்.

"அடக்கி வச்சு வச்சுக் கடுப்பு, காய்ச்சல் வந்திருக்குதா?"

"வருமுங்க. வெந்தயத் தண்ணி குடிச்சாப் போயிரும்."

"தலவலி?"

இந்தக் கேள்விக்கு நான் முந்திக்கொண்டேன். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. நல்ல பதில் என்றும் நினைத்தேன். "தெனமும் வருமுங்க. நாந்தானுங்க பொழுதோட பொட்டிக்கடையில தலவலிப் பொட்டணம் ரெண்டு வாங்கிக் குடுப்பேன். ஒரு நாள் மறந்ததில்லீங்க."

"எத்தன வருசமா?"

"பத்துப் பன்னண்டு வருசமாவே" என்றேன், பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி.

டாக்டர் எழுந்தார். பிறகு என்னைத் தனியே நடைக்குக் கூட்டிப் போனார். தலைவலி மருந்தைத் தினமும் வருஷக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் மெல்ல மெல்ல அரிபடும், தண்ணீர் குடிக்காத உடம்பில் இன்னும் வேகமாக என்றார். தலைவலி வந்ததே தண்ணீர் இல்லாமல்தான் இருக்கும் என்றார். "இதனாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாது மாஸ்டர். பல காரணம் சேர்ந்திருக்கும்." நல்ல மனுஷர். எனக்காக அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

மல்லிகைப்பூ வாங்கிக் கொடுக்கிற ஆண்கள் உண்டு. நான் அது வாங்கியதில்லை. அந்தப் பொட்டலம்தான் என் பூ. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவேன். "என்ற டாக்டரு வந்துட்டாரு" என்பாள்.

நாலாம் நாள் என் கல் விழுந்தது. கிணுக்கென்று ஒரு சத்தம்கூட இல்லை. என்னை எழுப்பிவிட்டு அதே கட்டிலில் அவளைப் படுக்க வைத்தார்கள்.

அவள் ரத்தத்தை எடுத்துக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். யூரியா என்று ஒன்று. ரத்தத்தில் தங்கிவிட்ட அழுக்கின் அளவு. அது ஏறியிருந்தது. கோயமுத்தூருக்கே கூட்டிப் போய் ஒரு பெரிய டாக்டரிடமும் காட்டினோம். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன, பட்ட இடம் திரும்ப வளராது என்றார். ரத்தத்தை வெளியே எடுத்து அலசிக் கொடுக்கிற மெஷின் ஒன்று எங்கேயோ பெரிய ஊர்களில் வந்திருக்கிறதாம். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்குமாம். அவர் சொன்ன விதத்திலேயே அது எங்களுக்கு எட்டாது என்பது தெரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது ராமாத்தாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "நல்ல வேளைங்க, உங்களுக்கு வந்திருந்தா இந்நேரம் பஸ்ஸையே கவுத்திருப்பீங்க" என்றாள்.

ஒன்பது மாதம் இருந்தாள். வீடு, ஆஸ்பத்திரி, மறுபடி வீடு. சந்திரா உப்பில்லாமல் சமைக்கக் கற்றுக்கொண்டாள். மூன்று பேருக்கும் அதே சாப்பாடுதான். ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். ஆனாலும் ராமாத்தாளுக்கு எதைத் தின்றாலும் வாயில் இரும்பு நக்கினது போல இருந்தது. உடம்பு அரித்தது. சந்திரா பனியன் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து முதுகைத் துடைத்துவிடுவாள்.

எட்டாம் மாதம் சிறுநீர் குறைந்தது. உள்ளே போகும் தண்ணீர் வெளியே வராமல் நெஞ்சில் சேர்ந்து மூச்சு முட்டும் என்பதால், நாள் முழுவதற்கும் இரண்டு டம்ளர்தான் என்று டாக்டர் அளந்துவிட்டார். எனக்கோ அதே டாக்டர், மறுபடி கல் வராமலிருக்கப் பத்து டம்ளர். ஆயுசு பூராவும் குடிக்காதவளுக்கு, குடிக்க ஆசை வந்தபோது தண்ணீர் இல்லை. அவளுக்கு எடுத்து வைத்த இரண்டு டம்ளரையும் கரண்டி கரண்டியாகக் கொடுப்போம். உதட்டை நனைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள்.

நான் தண்ணீர் குடிக்க வாசலுக்குப் போக ஆரம்பித்தேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நின்று, திருடன் மாதிரி, சத்தம் வராமல் விழுங்குவேன். நாலு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் உள்ளே வந்ததும் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, மீசை நனைஞ்சிருக்குது."

"வேர்வ புள்ள."

"மார்கழியிலயா?" என்றாள். "இங்கயே குடிங்க. நீங்க குடிக்கறதப் பாத்தாச்சும் என்ற தொண்ட நனையட்டும்."

"என்னால ஆகாது ராமாத்தா."

"போச்சாது போங்க, பரவால்ல. அந்த டப்பாவ எடுத்துட்டு வாங்க."

பவுடர் டப்பாவை எடுத்து வந்தேன். அன்றையிலிருந்து அவளுக்கு முன்னால் உட்கார்ந்து குடித்தேன். அவள் என் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்ப்பாள். குடித்து முடித்ததும் ஒரு புளியங்கொட்டையை எடுத்து டப்பாவில் போடுவாள். கை வீங்கி, கொட்டையைப் பிடிக்கவே நேரமாகும். இருந்தாலும் என்னைப் போட விடமாட்டாள். "அஞ்சாச்சு. ஏமாத்தாதீங்க. இன்னும் அஞ்சு."

என் தொழிலே சிரிக்க வைப்பது. அந்த நாட்களில் குதிரை வண்டிக் கதையை நடித்துக் காட்டச் சொல்லிக் கேட்பாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடிப்பேன். குதிரை நிற்கிற இடம் வந்தால் சிரித்து இருமுவாள். ஒருநாள் அந்த இடத்தில் சிரிக்காமல், "அந்தக் குருதைக்குக் கொடுத்து வச்சிருக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவளுக்கு முன்னால் நான் அதை நடிக்கவில்லை.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். கொட்டையைத் தேடி எடுத்துப் போட்டாள். "ஏழாச்சு" என்றாள். கண்ணை மூடினாள். தூங்குகிறாள் என்று நினைத்து, எழுப்பாமல் நானும் சந்திராவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

காரியமெல்லாம் முடிந்து கம்பெனிக்குப் போனேன். நேராக முதலாளி அறைக்குப் போய், பெண்களுக்கு ஒரு கக்கூஸ் வேண்டும் என்றேன்.

"இருவது வருசமா ஒருத்தியும் கேக்கலியே மாஸ்டர்" என்றார்.

"கேக்காதவ போயிட்டாளுங்க" என்றேன்.

பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கிற வரைக்கும் நான் பொறுக்கவில்லை. பின்பக்கம் குழி தோண்டி, மூங்கில் நட்டு, செக்கிங்கில் ஒதுக்கிய டேமேஜ் துணியை மூன்று சுற்றுச் சுற்றி மறைப்புக் கட்டினேன். செக்கிங் மேசைக்கு எதிரே பானை வைத்தேன். பத்து நாள் ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை. பானையும் நிறைந்தபடியே இருந்தது. பதினொன்றாம் நாள், ராமாத்தாள் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது உட்காரும் பெண் எழுந்து வந்து, ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள். நான் துணியில் கோடு போடுவது போலக் குனிந்துகொண்டேன். வெள்ளைத் துணியில் சொட்டு விழுந்தது. கறை நிற்கும். நிற்கட்டும். முதலாளி பார்த்துக் கட்டிய செங்கல் கட்டடம் ஆடியில் வந்தது.

என்னை இப்போது 'தண்ணி மாஸ்டர்' என்கிறார்கள். வாய் ஓயாமல் சொல்கிறேன் அல்லவா. தாகம் வரும்வரை காத்திருக்காதீர்கள். மூத்திரத்தை அடக்காதீர்கள்; வெட்கம் உயிரைவிடப் பெரிதில்லை. மோர்மிளகாயும் கருவாடும் தினமும் வேண்டாம். தலைவலிக்குத் தினமும் மாத்திரை தேவைப்பட்டால் பெட்டிக்கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பாருங்கள். ஏற்கெனவே வீக்கம் இருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டுக் குடம் குடமாகக் குடித்துவிட வேண்டாம். அவர்களுக்கு அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். காலையில் வீட்டுக்காரி முகம் உப்பியிருந்தால், தயவுசெய்து கேலி செய்யாதீர்கள்.

நான் பத்து டம்ளரும் குடித்துவிடுகிறேன். கட்டில் கிடந்த இடத்தில் உட்கார்ந்து, கொட்டையை நானே போட்டுக்கொண்டு, ஏழு வரைக்கும் குடிப்பேன். எட்டாவது டம்ளரை மொண்டதும் கால் தானாக வாசலுக்குப் போய்விடுகிறது. "இங்கயே குடிங்கப்பா" என்று சந்திரா சொல்லிப் பார்த்தாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நின்று, சத்தம் வராமல் விழுங்கிவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருகிறேன்.